சீவெர்ட் எதனால் செத்தார்

நார்வேயிலிருந்து வந்தவர்கள் குடியேறிய நூர்டால் வட்டாரத்தில் யார் வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்பது டாக்டருக்குத் தெரிவதற்கு முன்னால் தோராவுக்குத் தெரிந்துவிடும். ஊரின் டெலிபோன் இணைப்பகம் அவள் வீட்டு முன்னறையில்தான் இருந்தது. டாக்டரைக் கூப்பிட நினைப்பவர்கள் முதலில் அவளிடம்தான் மூச்சிரைக்கச் சொல்ல வேண்டும். "குழந்தைக்குத் தொண்டை கட்டிடுச்சு, சீக்கிரம் டாக்டருக்குக் குடு" என்று ஒரு தாய் சொல்லும்போதே, அந்தக் குரலில் இருக்கும் நடுக்கத்தை வைத்து அது வெறும் தொண்டைக்கட்டா, தொண்டை அடைப்பானா என்று தோரா சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அதனாலோ என்னவோ, பழைய பதிவாளர் கண் மங்கி ஒதுங்கிக்கொண்டபோது, பிறப்பு இறப்புப் பதிவையும் ஊர்க்காரர்கள் அவள் தலையில் கட்டினார்கள். அவள் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டலாம். பொறுப்பேற்ற வருடமே அந்தப் பெரிய விஷக்காய்ச்சல் வந்து, மூன்று மாதத்தில் ஒன்பது பக்கம் எழுத வைத்தது. அதற்குப் பிறகு சாவு தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. கோடையில் கெட்ட பாலைக் குடித்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. பெண்களுக்குப் பிரசவம். ஆண்களுக்குக் காளை மாடு, கதிரடிக்கும் இயந்திரம், அபூர்வமாக இடி. இளவட்டங்களுக்குக் காசம். இவை எல்லாவற்றுக்கும் தப்பி அறுபதைத் தாண்டி யாராவது செத்தால் டாக்டர் க்வாமென் ஒரே வரி எழுதுவார்: இதயம் நின்றது.

மினசோட்டா மாநிலத் தலைநகரில் இந்தச் சீட்டுகளைப் படிப்பதற்கென்று யாரோ ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இந்த வரி பிடிக்கவில்லை. 1923 நவம்பர் முதல் வாரத்தில் அவன் திருப்பி அனுப்பிய சீட்டு தோராவின் கைக்கு வந்தது. சீவெர்ட் ருட்லாங், வயது அறுபத்தெட்டு, மணமாகாதவர், விவசாயி. 'இதயம் நின்றது' என்பதன் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு. ஓரத்தில் ஒரு குறிப்பு: இதயம் நிற்பது சாவு, சாவின் காரணம் அன்று. இதயத்தை நிறுத்திய நோய் எது, எவ்வளவு காலமாக இருந்தது என்று தெரிவிக்கவும்.

தோரா அதை டாக்டரிடம் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"இதயம் நிக்காம செத்தவன் எவனாவது இருந்தா கூட்டியாரச் சொல்லு, நானும் ஒரு தடவ பாத்துக்கறேன்" என்றார்.

"எதனால நின்னுச்சுன்னுதான் கேக்கறான், டாக்டரே."

"எனக்கென்ன தெரியும்? உசிரோட இருக்கறப்ப அந்த ஆள் என்கிட்ட வந்ததே இல்ல. செத்தப்புறம் நான் போறதுக்குள்ள பெட்டில வச்சு ஆணி அடிச்சாச்சு." சீட்டை அவளிடமே திருப்பி நீட்டினார். "தம்பிக்காரனக் கேளு. அவன் என்ன பாத்தான்னு சொன்னா, அத வச்சு நான் எழுதறேன்."

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் வட்டாரத்திலேயே தோராவுக்கு ஒரு இருமல்கூடக் கேட்காத வீடு அந்த ஒன்றுதான். ருட்லாங் சகோதரர்கள் டெலிபோன் வைத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு வடக்கே மூன்று மைலில், ஓடைக்கு மேலே சரிவில் அவர்கள் வீடு. இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சீவெர்டும் தம்பி ஆஸ்லாக்கும் பதினோரு வருடமாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தேவாலயத்துக்கு ஒரே வண்டியில் வருவார்கள், ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு கோடியில் உட்காருவார்கள், நடுவில் ஐந்து பேர் உட்கார இடம் இருக்கும், யாரும் உட்கார மாட்டார்கள். அண்ணன் செத்த அன்று ஆஸ்லாக் தச்சரிடம் வந்து, "ஒரு பெட்டி வேணும். என்னவிட ரெண்டு விரக்கட நீளம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்வி. அழவும் இல்லை, யாரையும் சாப்பிடக் கூப்பிடவும் இல்லை. கல்நெஞ்சுக்காரன் என்று அடக்கத்துக்கு வந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். அதைத் தோராவும் கம்பி வழியே கேட்டாள். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் பெரித்தை இணைப்பகத்தில் உட்கார வைத்துவிட்டு, தபால் வண்டியில் தொற்றிக்கொண்டு கிளம்பினாள். தபால்காரர் அவளைச் சரிவின் அடியில் இறக்கிவிட்டு, வடக்குப் பாதையைச் சுற்றிவர மூன்று மணி நேரமாகும் என்றார். பனி இன்னும் விழவில்லை. அறுத்த சோளத்தட்டை காய்ந்து கிடந்தது. அவள் மேலே ஏறும்போது பாதி வழியில், மேய்ச்சல் வேலி ஓரமாக ஒரு பலகை பெஞ்சு கிடந்தது. நல்ல ஓக் பலகை. கால்களை ஆழமாகப் புதைத்திருந்தார்கள். அந்த இடத்தில் அதற்கு என்ன வேலை என்று தோன்றியது. நிற்காமல் ஏறினாள்.

ஆஸ்லாக் கதவைத் திறந்தார். மெலிந்து உயர்ந்த மனிதர், அறுபத்து நாலு வயது, தாடியில் ஒரு பக்கம் மட்டும் நரை. அவள் யாரென்று தெரிந்ததாகத் தலையை ஆட்டிவிட்டு வழிவிட்டார். அடுக்களை துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. அவர் கேட்காமலே காபிக்குத் தண்ணீர் வைத்தார், உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெய் தடவி அவள் முன் நகர்த்தினார், எதிரே உட்கார்ந்தார்.

தோரா சீட்டை மேஜைமேல் விரித்து, வந்த விஷயத்தைச் சொன்னாள். அரசாங்கத்துக்குக் காரணம் தெரிய வேண்டுமாம், என்ன நோய், எத்தனை நாள், கடைசியாக எப்போது பார்த்தார் என்று. ஆஸ்லாக் சீட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். இரண்டு மாதமாக அந்த வாய் மனுஷரோடு பழகவில்லை என்று தோராவுக்குப் புரிந்தது. 

அடுப்போரம் ஒரு கறுப்பு நாய் படுத்திருந்தது. கடைசியில் ஆஸ்லாக் அதன் பக்கம் திரும்பினார்.

"பாசப்," என்றார், "செத்தவன் எதனால செத்தான்னு தெரிஞ்சு இந்தப் பொண்ணு என்ன பண்ணப் போவுதுன்னு கேளு."

தோரா ஒரு கணம் திகைத்தாள். ஆனால் நாளெல்லாம் ஒருவர் பேச்சை இன்னொருவருக்குக் கடத்துவதே அவள் பிழைப்பு. குனிந்து, நாயின் காதைத் தடவிக்கொடுத்துச் சொன்னாள்: "பாசப், பெரியவர்கிட்ட சொல்லு. எனக்கும் என்னன்னு சரியாத் தெரியல. ஆனா அவரு அண்ணன் ஏதோ ஒண்ணால செத்திருக்காரு, அது என்னன்னு தாள்ல எழுதாம ஒரு சிவப்புக் கோடு மட்டும் இருக்கறது நல்லால்லன்னு சொல்லு."

ஆஸ்லாக்கின் தாடிக்குள் ஏதோ அசைந்தது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

"அவரு என் அண்ணன் இல்ல" என்றார் இந்தத் தடவை அவளைப் பார்த்தே. "அதாவது, அண்ணன்தான். ஆனா இந்த வீட்டுல அவரு பேரு 'அந்த ஆளு.' நானும் அந்த ஆளுதான். நாய்க்குத் தெரியும் எந்த ஆளுன்னு."

பிறகு பேச்சு வந்துவிட்டது. அடைத்துக்கிடந்த வாய்க்காலை வெட்டிவிட்டதுபோல் வந்தது. தோரா பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

பதினோரு வருடத்துக்கு முன் ஆஸ்லாக் சந்தைக்குப் போயிருந்த நாளில் சீவெர்ட் ஒரு பெண் குதிரையை விற்றுவிட்டார். ஆஸ்லாக் பால் புகட்டி வளர்த்த குதிரை அது. திரும்பி வந்து வெறும் தொழுவத்தைப் பார்த்த ஆஸ்லாக் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை, மறுநாளிலிருந்து பேசவில்லை. சீவெர்டுக்கும் ரோஷம் உண்டு. அவரும் நிறுத்திக்கொண்டார். ஆனால் ஒரே கூரையின் கீழே மாடு கன்று போடும், கூரை ஒழுகும், உப்பு தீர்ந்துபோகும், சொல்லாமல் எப்படி? எனவே நாயிடம் சொன்னார்கள். 'பாசப், உப்பு இல்லன்னு அந்த ஆளுகிட்ட சொல்லு.' சாயங்காலம் சீவெர்ட் நார்வேஜியப் பத்திரிகையை நாய்க்கு வாசித்துக் காட்டுவார், ஒரு பக்கம் விடாமல், தேர்தல் முடிவு உட்பட. ஆஸ்லாக் தன் அபிப்பிராயத்தை நாயிடம் சொல்வார். பழைய பாசப் செத்தபோது வீட்டில் நாலு நாள் சத்தமே இல்லை. ஐந்தாம் நாள் இரண்டு பேருமே தனித்தனியாகக் குட்டி வாங்கி வந்து நின்றார்கள். ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

"குதிரைய வித்தது சரிதான்" என்றார் ஆஸ்லாக். "அதுக்குக் கண்ணு போய்க்கிட்டிருந்துச்சு. எனக்கு ரெண்டாம் வருஷமே மனசுல பட்டுச்சு. ஆனா அதுக்குள்ள பழகிப்போச்சு பொண்ணே. எப்படி ஆரம்பிக்கறது? அவரும் சந்தோஷமாத்தான் இருந்தாரு, நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன்."

தோரா நோய் விஷயத்துக்கு வந்தாள். எப்போதிலிருந்து முடியாமல் இருந்தது என்று கேட்டாள். "கொஞ்ச நாளாக" என்றோ "போன வருடத்திலிருந்து" என்றோ சொல்வார் என்று நினைத்தாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

"போன வருஷம் ஜனவரி பதினொண்ணு, புதன்கிழம" என்றார் ஆஸ்லாக்.

அன்றுதான் சீவெர்ட் தொழுவத்திலிருந்து பால் வாளிகளோடு ஏறி வரும்போது பாதிச் சரிவில் நின்றார். வானத்தைப் பார்ப்பதுபோல் நின்றார். வானத்தில் ஒன்றுமில்லை. ஆஸ்லாக் ஜன்னல் வழியே பார்த்தார். ஈஸ்டருக்குள் இரண்டு தடவை நிற்க வேண்டியதாயிற்று. மே மாதம் இடது தோளைத் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. அறுவடைக்குப் பிறகு பூட்ஸ் கயிற்றை மேல் இரண்டு கண்ணியில் கோக்காமல் விட்டார். கிறிஸ்துமஸுக்கு நாலு கண்ணி. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிப்போய், விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும் — அவர் தூங்கும்போது ஆஸ்லாக் அமுக்கிப் பார்த்திருக்கிறார். இந்த வருடம் ஜூலையிலிருந்து படுக்கையை விட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கினார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாயிடம்கூடச் சொல்லவில்லை. உதடு நாவற்பழ நிறமாக இருந்தது. முழங்கால் மட்டும் பழைய வலி. அது பதினோரு வயதில், இங்கே வந்து மண்வீட்டில் கழித்த முதல் குளிர்காலத்தில் பிடித்தது. அந்த வருடம் மூட்டு மூட்டாகக் காய்ச்சல் கண்டு, மார்ச்வரை எழுந்திருக்கவே இல்லை. அம்மா அவரைப் போர்வையில் தூக்கித்தான் திருப்பிப் போடுவாளாம்.

தோராவின் காகிதம் நிறைந்துவிட்டது. தபால் உறையைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் எழுதினாள்.

"டாக்டரக் கூப்பிட்டிருக்கலாமே, பெரியவரே" என்றாள்.

"சொன்னேன். நாய்கிட்ட சொன்னேன். எவனாவது டாக்டரக் கூட்டியாந்தா கதவ உள்பக்கமாப் பூட்டிக்குவேன்னு பதில் வந்துச்சு." ஆஸ்லாக் காபியை ஊற்றினார். "அதுக்கப்புறம் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து நானே பாலக் கறந்து மேல கொண்டாந்து வச்சிடுவேன். 'பாசப், இந்த வீட்டுல வேலத் திருடன் எவனோ நுழைஞ்சிருக்கான்'ம்பாரு. ஆனா சாயங்காலக் கறவைய விடமாட்டேன்னுட்டாரு. சரின்னு பாதி வழியில அந்தப் பெஞ்சப் போட்டேன். நாய்க்கு வயசாவுது, ஏறி வரப்ப எளைக்குது, உக்கார ஒரு இடம் வேணும்னு நாய்கிட்டயே சொன்னேன்."

"நாய்க்கு இப்ப என்ன வயசு?"

"மூணு" என்றார் ஆஸ்லாக்.

சீவெர்ட் பெஞ்சைச் சுற்றிவந்து பார்த்தாராம். காலால் ஒரு உதை விட்டு உறுதி பார்த்தாராம். பிறகு தினமும் சாயங்காலம் நாயை அதில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, அதற்குத் துணையாகத் தானும் உட்கார்ந்துகொள்வார். சில நாள் ஆஸ்லாக்கும் வந்து மறு கோடியில் உட்காருவார். நடுவில் நாய். கீழே ஓடை, அதற்கப்பால் மேய்ச்சல், வாத்துகள் தெற்கே போகும். சீவெர்ட் பத்திரிகையை அங்கேயே கொண்டுவந்து படிக்க ஆரம்பித்தார்.

"கடைசியா உசிரோட பாத்தது?" என்று தோரா மெதுவாகக் கேட்டாள். சீட்டில் அது ஒரு கட்டம். கேட்டே ஆக வேண்டும்.

"செப்டம்பர் பதினேழு. அஞ்சே முக்கால்." ஆஸ்லாக் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "நல்ல வெயில். நாங்க பெஞ்சுல உக்காந்திருந்தோம். நான் அடுப்புல காபிய வச்சது மறந்துபோச்சு. அவரு சொன்னாரு, 'காபி பொங்கிடும், போய்ப் பாரு'ன்னு. போனேன். பொங்கித்தான் போயிருந்துச்சு. தொடச்சிட்டு, மீதிய ரெண்டு கோப்பையில ஊத்திக் கொண்டாந்தேன். அதுக்குள்ள போயிட்டாரு. சாஞ்சுகூட விழல. அப்படியே உக்காந்திருந்தாரு."

தோரா எழுதினாள். அவர் இன்னும் எதையோ சொல்ல வருவது தெரிந்து பென்சிலை நிறுத்தினாள்.

"நாய் அங்க இல்ல" என்றார் ஆஸ்லாக். "கீழ தரையணிலத் துரத்திக்கிட்டு ஓடையத் தாண்டிப் போயிருந்துச்சு. நான் திரும்பி வந்து அவரு பக்கத்துல உக்காந்தப்புறம்தான் அது மேல வந்துச்சு." அவர் அவளை நேராகப் பார்த்தார். "அந்த ஆள் என்கிட்டதான் சொன்னாரு. போய்ப் பாருன்னு."

கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைக்கும்படி ஒன்றும் இல்லை, முகம் தெளிந்திருந்தது. தோராவுக்குத்தான் கைக்குட்டை தேவைப்பட்டது. அவர் இன்னொரு ரொட்டிக்கு வெண்ணெய் தடவி, இந்தத் தடவை பழுப்புப் பாலாடைக்கட்டியும் ஒரு சீவு வைத்துக் கொடுத்தார். தபால் வண்டி வரும்வரை இரண்டு பேரும் குதிரையைப் பற்றியே பேசினார்கள்.

அன்று சாயங்காலம் டாக்டர் தோராவின் முன்னறையில் நின்றபடி அவள் குறிப்பைப் படித்தார். முதல் பக்கம் முடிந்ததும் உட்கார்ந்தார். உறையின் உள்பக்கத்தையும் விளக்கருகே பிடித்துப் படித்தார்.

"வாதக் காய்ச்சல்" என்றார். "அந்த மண்வீட்டுல பதினோரு வயசுல வந்தது. மூட்டுல வந்து மூட்டோட போயிடுச்சுன்னு நெனைப்பாங்க. போகாது. இதயத்துல இருக்கற கதவு ஒண்ணக் கெடுத்து வச்சிட்டுப் போகும். அம்பத்தேழு வருஷம் அந்த ஓட்டக் கதவோட ஏர் ஓட்டியிருக்காரு மனுஷன்." உறையை மடித்து வைத்துவிட்டு, "என் நோயாளிகளுக்கெல்லாம் பேசாத தம்பி ஒருத்தன் இருந்தா நானும் நல்ல டாக்டராயிருப்பேன்" என்றார்.

"கூப்பிட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"சொட்டு மருந்து குடுத்திருப்பேன். வேலை செய்யாதேன்னு சொல்லியிருப்பேன், கேட்டிருக்க மாட்டாரு. பாதி வழியில பெஞ்சு போடணும்னு எனக்குத் தோணியிருக்காது."

பேனாவை எடுத்துப் புதுச் சீட்டில் நிதானமாக எழுதினார். இதயக் கதவு நோய், நீர்வீக்கத்துடன். ஒரு வருடம், எட்டு மாதம், ஆறு நாள். துணைக் காரணம், சிறுவயதில் வாதக் காய்ச்சல். தலைநகரத்து ஆளிடமிருந்து அதற்குப் பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் அவனுக்குத் திருப்தி என்று அர்த்தம். டாக்டரிடம் ஒரு மாறுதல் தெரிந்தது. அந்தக் குளிர்காலத்தில் இரண்டு கிழவர்களின் சாவுக்கு அவரே வண்டியை எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்காரர்களை உட்கார வைத்து, பூட்ஸ் கயிறு எத்தனை கண்ணி என்று கேட்டார்.

தகவல் சொன்னவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காக ஆஸ்லாக் சனிக்கிழமை ஊருக்கு வந்தார். கையெழுத்துப் போட ஒரு நிமிடம். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த சனிக்கிழமை கையெழுத்து எதுவும் பாக்கியில்லை. ஒரு கூடை முட்டையோடு வந்தார். பிறகு ஒவ்வொரு வாரமும் வர ஆரம்பித்தார். நாயும் வரும். பதினோரு வருடம் பார்த்து வைத்ததெல்லாம் அவரிடம் இருந்தது: தேவாலயத்தில் யார் முட்டி போட யோசிக்கிறார்கள், எந்த மாடு எந்தக் காலைத் தாங்குகிறது, தச்சர் எந்தக் கையால் இப்போது சுத்தியல் பிடிப்பதில்லை. தோரா கம்பிகளைச் செருகுவதும் பிடுங்குவதுமாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். கல்நெஞ்சுக்காரன் என்று சொன்ன பெண்களே நாளடைவில் தங்கள் வீட்டுக் காபிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். பிள்ளையின் நடையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒருத்தி கேட்டதாகவும் கேள்வி.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, தோரா கம்பியில் யாரோடோ பேசி முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"எடது காது" என்றார் ஆஸ்லாக்.

"என்ன?"

"எடது பக்கத்துலேர்ந்து பேசினா நீ தலையத் திருப்பற. போன மாசம் அவ்வளவு இல்ல."

தோரா அதை யாரிடமும் சொன்னதில்லை. கம்பியில் குரல்கள் தேய்ந்துகொண்டே வருவதாக டெலிபோன்காரர்களுக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தாள். உள்ளுக்குள் அவளுக்குப் பயம் இருந்தது. காது போனால் வேலையும் போகும். ஆஸ்லாக் விடவில்லை. அன்றைக்கே அவளை டாக்டர் வீட்டுக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் குழலை வைத்துப் பார்த்தார், வெந்நீரும் பீச்சாங்குழலும் கொண்டுவரச் சொன்னார், ஐந்து நிமிடத்தில் பட்டாணி அளவுக்குக் காதுக் குரும்பி ஒன்றைக் கிண்ணத்தில் போட்டார்.

"இதனால யாரும் சாவறதில்ல" என்றார். "சீட்டெல்லாம் எழுத வேண்டாம்."

தெருவுக்கு வந்தபோது தோராவுக்குத் தன் பூட்ஸின் கீழே பனி நொறுங்கும் சத்தம் இரண்டு காதிலும் கேட்டது. கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம், பக்கத்துத் தெருவில் குதிரைக் கழுத்து மணி, எல்லாம் புத்தம் புதிதாகக் கேட்டன. ஆஸ்லாக் அவள் இடது பக்கமாக வந்து, அவள் கேட்கிறாளா என்று பார்க்க, ரொம்ப மெல்லிய குரலில் காபி வைக்கட்டுமா என்று கேட்டார். வையுங்கள் என்றாள்.